பட்டியல் முதலில், சுரங்கம் பிறகு

போன தீபாவளிக்கு மெர்சிங் திரும்பியிருந்தேன். முறுக்குத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மாமா கேட்டார்: “அப்படி என்னம்மா பல்கலைக்கழகத்துல படிக்கிற?” சுற்றுச்சூழல் அறிவியல் என்றேன். இந்தத் தவணையில் சுரங்கத் திட்டங்களுக்கான வனவிலங்கு மதிப்பீடு பற்றி ஒரு பாடம் இருக்கிறது என்றும் சொன்னேன். மாமா சிரித்துவிட்டார். “காட்டுல என்னம்மா இருக்கு? வெறும் காடுதானே! தோண்டினா நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும்.”

மாமா மணல் லோரி ஓட்டுபவர். அந்த வருமானத்தில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான் எஸ்டிபிஎம் எழுதிய ஆண்டில் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்ததும் அந்தப் பணம்தான். ஆகவே, “சுரங்கமே கூடாது” என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் கைப்பேசிக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய உலோகம் எங்கோ ஓரிடத்தில் தோண்டித்தானே வருகிறது?

ஆனால் “காட்டில் என்ன இருக்கிறது” என்ற அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. ஒரு மலையைத் தோண்டுவதற்கு முன் நம் நாடு சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அந்தக் கேள்விக்கு நாம் எப்படி விடை தேடுகிறோம் என்பதுதான் என் கவலை.

ஐந்து நாளில் ஒரு காடு

எங்கள் விரிவுரையாளர் ஒரு பழைய அறிக்கையின் வனவிலங்கு அத்தியாயத்தை எங்களிடம் கொடுத்து, குறை கண்டுபிடிக்கச் சொன்னார். எந்த நிறுவனம், எந்த மாநிலம் என்பது இங்கே தேவையில்லை. களப்பணி ஐந்தே நாள். பறவைப் பட்டியலில் மைனாவும் புல்புல்லும் தவறாமல் இருந்தன. பெரிய விலங்குகள் பகுதியில், “ஆய்வின்போது புலி, யானை ஆகியவற்றின் நேரடிச் சான்று கிடைக்கவில்லை” என்று ஒரு வரி. அடுத்த பக்கத்திலேயே, “ஆகவே தாக்கம் குறைவு” என்று முடிவு.

முதல் வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து இரண்டாவது வாக்கியம் வராது. காரணத்தை இடைநிலைப்பள்ளி மாணவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புலி அடர்த்தியாக வாழும் விலங்கு இல்லை. நம் நாட்டுக் காடுகளில் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். அதனால் ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு கேமரா ஓர் இரவு இயங்கினால் அது ஒரு ‘கேமரா இரவு’. ஒரு பேச்சுக்கு, புலி இருக்கும் காட்டில் ஒரு கேமரா ஓர் இரவில் அதைப் படம் பிடிக்கும் வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கேமராக்களை ஐந்து இரவு வைத்தால் மொத்தம் 50 கேமரா இரவுகள். புலி ஒரு முறையாவது சிக்கும் வாய்ப்பு பத்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, புலி உண்மையிலேயே வாழும் பத்துக் காடுகளில் இப்படி ஆய்வு செய்தால், ஒன்பது காடுகளில் “சான்று இல்லை” என்றே அறிக்கை வரும். அதே இடத்தில் 30 கேமராக்களை 90 இரவு வைத்தால் 2,700 கேமரா இரவுகள் கிடைக்கும். அப்போது புலி சிக்காமல் போவது அரிது.

ஆக, “புலி இல்லை” என்று சொல்லும் அறிக்கையிடம் முதலில் கேட்க வேண்டியது, “எத்தனை இரவு தேடினீர்கள்?” என்பதே. அந்த எண் இல்லாத பட்டியலை வைத்து ஒரு காட்டின் தலைவிதியை எழுதக் கூடாது.

மெர்சிங்கில் என்ன இருக்கிறது?

மெர்சிங் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது தியோமான் தீவுக்குப் படகேறும் துறைமுகமும் கெரோப்போக்கும்தான். ஊருக்குப் பின்னால் மேற்கே நீளும் காடு பலருக்குத் தெரியாது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் பகுதி சுமார் 49,000 ஹெக்டேர். அதைச் சுற்றி லாபிஸ், லெங்கோர், மெர்சிங் வனக் காப்பகங்கள் இருக்கின்றன. தீபகற்பத்தின் முதுகெலும்பு போன்ற காட்டுத் தொடரை இணைத்துக் காப்பாற்ற அரசு வகுத்த மத்திய வன முதுகெலும்புத் திட்டத்தில் இந்தத் தென்கோடியும் அடங்கும். மலாயாப் புலி, யானை, தாபிர், எறும்புத்தின்னி எல்லாம் வாழும் இடம் இது.

2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் காட்டில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகக் காட்டியது. நம் தேசியச் சின்னத்தில் நிற்கும் விலங்கின் நிலை இது. தீபகற்பத்தின் காட்டு யானைகள் சுமார் 1,200 முதல் 1,700 வரை இருக்கலாம் என்பது வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. எண்ணிக்கை இவ்வளவு சுருங்கிவிட்ட பிறகு ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் மதிப்பு கூடிவிடுகிறது.

காடு மட்டுமா? கிழக்கே கடலில் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் படுகைகள் உள்ளன. அங்கே கடற்பசுக்கள் மேய்கின்றன. கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி ஈனும். கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். மலையில் மண்ணைக் கிளறினால், வடகிழக்குப் பருவமழை அதை ஆற்றில் இறக்கும், ஆறு கடலில் இறக்கும், கலங்கிய நீரில் வெளிச்சம் புகாது, புல் அழியும். தமிழக அரசு 2022இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது நினைவிருக்கலாம். அதே விலங்கு நம் வாசலிலும் இருக்கிறது. ஆனால் மலையில் தோண்டும் சுரங்கத்தின் வனவிலங்கு மதிப்பீடு பெரும்பாலும் வேலியைத் தாண்டிச் சில கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆறு போய்ச் சேரும் இடம் வரை அந்த மதிப்பீடு போக வேண்டாமா?

இது கற்பனை அச்சம் இல்லை. குவாந்தானில் நடந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நாட்டின் பாக்சைட் உற்பத்தி 2013இல் சுமார் 2 லட்சம் டன். 2015இல் அது 20 மில்லியன் டன்னைத் தாண்டியது. ஆறும் கடலோரமும் சிவந்தன. வீடுகளில் செம்மண் தூசு படிந்தது. 2016 ஜனவரி 15ஆம் தேதி தோண்டுதலுக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. 2019 வரை அது நீடித்தது. அப்போதைய பழைய ஆணையின்படி 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய சுரங்கத்துக்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். சிறு சிறு துண்டுகளாகத் தோண்டிய பலர் அந்த வலையில் சிக்கவே இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கடலோரத்தையே சிவக்க வைத்தது. ஜொகூருக்கும் பாக்சைட் புதிதல்ல. பக்கத்து மாவட்டமான கோத்தா திங்கியின் தெலுக் ராமுனியாவில் பல ஆண்டுகளாகத் தோண்டியிருக்கிறார்கள்.

பட்டியல் காப்பாற்றிய காடு

மெர்சிங்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1977இல் எண்டாவ் ரொம்பின் பூங்காவுக்கென ஒதுக்க நினைத்த காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, வெட்டு நின்றது. ஆனால் எதிர்ப்பு அடங்கிய பிறகு என்ன செய்வது? 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் அந்தக் காட்டுக்குள் ஓர் அறிவியல் பயணத்தை நடத்தியது. அறிவியலாளர்களோடு சாதாரண மக்களும் தொண்டர்களாகப் போனார்கள். செடி, பூச்சி, மீன், பறவை என்று எழுதி வைத்தார்கள். உலகம் அதுவரை பெயரிடாத ஒரு விசிறிப் பனை 1987இல் எண்டாவ் ஆற்றின் பெயரையே தாங்கி அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஜொகூர் பகுதி 1993இல் பூங்காவாக அரசிதழில் வெளியானது.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. கோபம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. ஆனால் காட்டில் என்ன இருக்கிறது என்பதை நாட்டுக்குச் சொன்னது பட்டியல்தான்.

இன்னோர் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. அங்கே உள்ள குன்றுகளில் சுமார் 250 வகைப் பறவைகளும், அரிய வல்லூறுகளும், தேவாங்கும், எறும்புத்தின்னியும் பதிவாகியிருந்தன. 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானது. ஊர் மக்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உழவர்களின் போராட்டம்தான் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவர்கள் கையில் ஏற்கெனவே அரசு முத்திரையிட்ட ஒரு பட்டியல் இருந்தது. “இங்கே வெறும் பாறைதானே” என்று யாரும் சொல்ல முடியவில்லை.

பட்டியல் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கும் எண்டாவ் ரொம்பின்தான் சாட்சி. ஒருகாலத்தில் சுமத்ராக் காண்டாமிருகத்தின் முக்கியப் புகலிடங்களுள் ஒன்று அது. இன்று அங்கே காண்டாமிருகம் இல்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம், இமான் என்று பெயர் சூட்டப்பட்ட பெண் விலங்கு, 2019 நவம்பர் 23ஆம் தேதி சபாவில் இறந்தது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. பாடநூலில் ‘அருகிவரும் விலங்கு’ என்று படித்தது, அந்த ஆண்டே ‘அழிந்த விலங்கு’ ஆகிவிட்டது.

யார் கூலி கொடுக்கிறார்கள்?

நம் நாட்டில் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிப்பவர் சுற்றுச்சூழல் துறையில் பதிவு பெற்ற வல்லுநர். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது திட்டத்தை முன்வைக்கும் நிறுவனம். வல்லுநர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் சீனியர்கள் பலர் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். நாளை நானும் போகலாம். ஆனால் மாணவரே தன் தேர்வைத் திருத்தும் ஆசிரியரைத் தேடிப்பிடித்துக் கூலி கொடுத்தால், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் அந்த மதிப்பெண்ணை ஊர் நம்புமா? நிறுவனம் பணத்தைப் பொது நிதியில் கட்டட்டும். வல்லுநரைத் துறை தேர்ந்தெடுக்கட்டும். இந்த ஒரு மாற்றம் வல்லுநரின் மானத்தையும் காப்பாற்றும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம் அரசியலமைப்பின்படி நிலம், காடு, கனிமம் ஆகியவற்றின் வருமானம் மாநிலத்துக்கு உரியது. காட்டை அப்படியே வைத்திருந்தால் மாநிலக் கருவூலத்துக்குக் கிடைப்பது குறைவு. தோண்டினால் கிடைப்பது உடனடி. இதை ஈடுகட்டத்தான் கூட்டரசு 2019இல் காடு காக்கும் மாநிலங்களுக்கு 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகை 250 மில்லியன். நல்ல தொடக்கம். ஆனால் 13 மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒரு சுரங்கத்தின் வருமானத்தோடு அது போட்டி போட முடியுமா? காட்டைக் காக்கும் மாநிலம் நட்டப்படக் கூடாது என்றால் இந்தத் தொகை இன்னும் கூட வேண்டும்.

‘விலங்குகள் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும்’

பல அறிக்கைகளில் வரும் ஆறுதல் வாக்கியம் இது. பக்கத்துக் காடு காலி வீடு இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு புலி தன் எல்லையைக் குறித்து வைத்திருக்கும். யானைக் கூட்டத்துக்குப் பழகிய தடம் அறுந்துபோனால், அது செம்பனைத் தோட்டத்துக்குள் வரும். மெர்சிங் வட்டாரத்தில் தெங்காரோ, நித்தார் போன்ற பெல்டா குடியேற்றங்களும் தோட்டங்களும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்ட யானையால் நட்டப்படுவது சிறு தோட்டக்காரர். இருட்டு விலகுமுன் வேலைக்குப் போகும்போது அதன் எதிரே நிற்பது தோட்டத் தொழிலாளி. தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். மோசமான வனவிலங்கு மதிப்பீட்டின் விலையை விலங்கு மட்டும் கொடுப்பதில்லை.

அன்று மாமாவிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டென்று குறுக்கிட்டார். “யானையா? ஜெமாலுவாங் ரோட்டுல எந்த வளைவுல கடக்கும்னு எனக்குத் தெரியுமே! மழை தொடங்கினா அந்தப் பக்கம் வரும். ராத்திரி அங்க நான் எப்பவும் மெதுவாத்தான் போவேன். தாபிர்கூட ரெண்டு தடவை பார்த்திருக்கேன்.”

நான் நோட்டை எடுத்தேன். மாதம், நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். காட்டில் ஒன்றுமில்லை என்று சிரித்த மனிதரிடம் இருபது ஆண்டுத் தகவல் இருந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. மாமாவுக்கே இவ்வளவு தெரியும் என்றால், எண்டாவ் ஆற்றங்கரையில் கம்போங் பெத்தாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஜாக்கூன் மக்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்! ஐந்து நாள் ஆய்வுக் குழுவுக்கு அவர்கள் வெறும் வழிகாட்டிகளாக, மூட்டை தூக்குபவர்களாக இருந்தால் போதாது. அவர்கள் சொல்லும் தகவலும் அவர்கள் சம்மதத்தோடு அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

சுரங்கத் திட்டம் எங்கே வந்தாலும் மாணவர்களாகிய நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஆய்வு வறண்ட மாதங்களிலும் பருவமழையிலும் நடந்ததா? எத்தனை கேமரா, எத்தனை இரவு என்ற கணக்கு வெளியிடப்பட்டதா? ஆறு கடலில் சேரும் இடம் வரை பார்த்தார்களா? பக்கத்தில் ஏற்கெனவே உள்ள சுரங்கம், தோட்டம், சாலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா?

2015ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. குறிப்பிட்ட நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்துச் சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கிறோம்? அந்த அறிக்கைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துத் தேறிய நமக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்கும் லோரி ஓட்டும் மாமாவுக்கும் அந்த அறிக்கை என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்ல நம்மால் முடியும். அவர்கள் சொல்வதைத் துறைக்கு மலாயில் எழுதவும் நம்மால் முடியும்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளியில் மலேசிய இயற்கைக் கழகத்தின் இயற்கை நேசர் மன்றம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் நீங்கள் பதிவேற்றும் ஒரு பறவைப் படமும் ஒரு சான்றுதான். அழியும் நிலையில் உள்ள விலங்கு என்றால் அந்தச் செயலியே இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைத்துவிடும். ஆனால் புலித் தடத்தைப் பார்த்த இடத்தை டிக்டோக்கில் போட்டுவிடாதீர்கள். கண்ணி வைப்பவனும் டிக்டோக் பார்க்கிறான்.

சுரங்க விண்ணப்பம் வந்த பிறகு ஓடி ஓடித் தேடும் பட்டியல் எப்போதும் அவசரப் பட்டியலாகத்தான் இருக்கும். விண்ணப்பம் வருவதற்கு முன்பே, யாரும் கூலி கொடுக்காதபோதே எழுதி வைக்கும் பட்டியல்தான் நம்பத்தக்கது. மெர்சிங் காட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் நாற்பது ஆண்டுக்கு முன் தொடங்கியது. அதைத் தொடர்வது நம் தலைமுறையின் வேலை.

என் நோட்டில் முதல் பதிவு மாமாவுடையது. ஊர் திரும்பும் விடுமுறையில் மேலும் சில லோரி ஓட்டுநர்களிடம் கேட்கப் போகிறேன். மாமாவே அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.